ஜன்னலோரம் ஒரு செம்பு

(மதுரையில் ஒரு நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டு அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன். காலை ஏழரை மணி. கிழக்குப் பார்த்த ஜன்னல். அடுப்பில் இட்லிச் சட்டி. மூடியைத் தூக்கியதும் ஆவி குப்பென்று எழுகிறது. அந்த வீட்டு அம்மாவுக்கு 61 வயது. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கேமராவைக் கண்ணில் வைத்துப் பத்துப் படம் எடுத்துவிட்டார். ஒன்றிலும் ஆவி விழவில்லை. "கண்ணுக்கு நல்லாத் தெரியுது சார். படத்துல வரமாட்டேங்குது" என்றார்.

அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். "டீச்சர், அடுப்புக்கு அந்தப் பக்கமா, அம்மிக்கிட்ட வந்து நின்னு பாருங்க" என்றேன். அங்கே நின்றால் வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்து ஒருக்களித்து வருகிறது. ஆவிக்கு நேர் பின்னால் இருப்பது சாமான் அறையின் இருட்டு. மருமகள் மறுபடியும் மூடியைத் தூக்கினார். பதினோராவது படத்தில் ஆவி சுருள் சுருளாக, பிரி பிரியாக விழுந்திருந்தது. டீச்சர் கேமராவின் பின்திரையைப் பார்த்தார், ஆவியைப் பார்த்தார், திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் யார் காபி ஆற்றினாலும் அவர் எழுந்து அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொள்வாராம். மருமகள் சொன்னார்.

ஆவியைப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. யூடியூபில் தட்டினால் பத்துப் பேர் சொல்வார்கள். டீச்சரும் அதையெல்லாம் பார்த்தவர்தான். தன் அடுப்படியில் ஆவிக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று இரண்டடி நகர்த்திவிட வேண்டியிருந்தது. வீடு தேடி வந்து ஒரே ஒருவருக்குப் படமெடுக்கச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு உள்ள வேலை அந்த இரண்டடிதான். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பாட்டு வாத்தியார் வீட்டுக்கு வருவது நமக்குப் புதிதில்லை. வீணைக்கு வருகிறார், மிருதங்கத்துக்கு வருகிறார், கணக்குக்கும் இந்திக்கும் டியூஷன் வைக்கிறோம். போட்டோவுக்கு மட்டும் வாத்தியார் வீட்டுக்கு வருகிறார் என்றால் ஆச்சரியப்படுகிறார்கள். "வீட்டுக்குள்ள எடுக்க என்ன சார் இருக்கு? கொடைக்கானல் பக்கம் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக்கொடுத்தாலாவது சரி" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மலையும் அருவியும் யார் கேமராவிலும் ஓரளவு நன்றாக விழும். அவை நாம் சொல்லிக்கொடுக்காமலே அழகாக இருப்பவை. தினமும் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கு மரத்துப்போன திண்ணையையும், அம்மாவின் முழங்கையையும், துவைத்துப் போட்ட கொடியையும் எடுக்கத்தான் பாடம் வேண்டும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் கற்றுக்கொண்ட வழி வேறு. 1983-இல், 17 வயதில், இதே ஊரில் ஒரு ஸ்டூடியோவில் கையாளாகச் சேர்ந்தேன். முதல் எட்டு மாதம் கேமராவைத் தொடவிடவில்லை. டிரே கழுவுவது, ஹைப்போ கலக்குவது, பிரிண்டை ஓடுகிற தண்ணீரில் அலசிக் காயப்போடுவது, இவைதான் வேலை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலம். அங்கிருந்து வரும் ‘இந்து’ பிலிமும் பேப்பரும்தான் எங்கள் அன்றாடப் புழக்கம். டார்க் ரூமில் சிவப்பு பல்பு வெளிச்சத்தில், டெவலப்பருக்குள் கிடக்கும் வெள்ளைத் தாளில் முதலில் தலைமுடியும் புருவமும் தெரிந்து, பிறகு முகம் மெல்ல வரும். அதை எத்தனை நூறு முறை பார்த்திருந்தாலும் எனக்கு அலுத்ததே கிடையாது.

என் மாஸ்டர் உட்காரவைத்துப் பாடம் நடத்தியவரில்லை. சாயங்காலம் கழுவி எடுத்த நெகட்டிவ் சுருளை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொரு பிரேமாக விரலை வைப்பார். "இது?" என்பார். நான் சொல்ல வேண்டும். நெகட்டிவில் முகம் கட்டிக் கறுப்பாக இருந்தால் வெளிச்சம் கூடிப்போயிற்று. கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தால் போதவில்லை. சரியாகச் சொன்னால் அடுத்த பிரேமுக்கு விரல் நகரும். தப்பாகச் சொன்னால் விரல் அங்கேயே நிற்கும். மூன்று வருடம் எனக்கு நடந்த பாடம் அந்த விரலும் அந்த ‘இது?’வும்தான். இன்று நான் வீடு வீடாகப் போய்ச் செய்வதும் பெரும்பாலும் அதையே.

ஆனால் உடனே அந்த வழிக்கு வந்துவிடவில்லை. பிலிம் போய் டிஜிட்டல் வந்த புதிதில், 2004 வாக்கில், என்னிடம் வீட்டுப் பாடம் கேட்ட முதல் ஆள் ஒரு இளம் பொறியாளர். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனேன். அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்று மூன்று வாரம் படம் வரைந்து விளக்கினேன். எல்லாவற்றையும் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார். நாலாவது ஞாயிறு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அப்புறம் அழைக்கவே இல்லை. அந்த வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று எங்கள் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தது. அவர் கேமரா வாங்கியதே அந்தக் குழந்தைக்காகத்தான். மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட, "குழந்தையை எடுங்கள், பார்ப்போம்" என்று நான் சொல்லவில்லை. இத்தனை வருடமாகியும் அது எனக்கு உறுத்துகிறது.

அதனால் இப்போது முதல் நாள் நான் கேட்கும் கேள்வி, "யாரை எடுக்க ஆசைப்படுகிறீர்கள்?" என்பதுதான். பதில் கிடைத்த பிறகே மற்றதெல்லாம். நம் டீச்சர் உடனே சொன்னார்: "எங்க அத்தையைத்தான் சார். 84 வயசாகுது. கேமராவைக் காட்டினாலே முகத்தை இறுக்கிக்கிறாங்க." அந்த ஒரு வாக்கியத்திலேயே மூன்று மாதப் பாடத்திட்டம் எனக்குக் கிடைத்துவிட்டது.

என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஒரு மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் செல்போன் போதும். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் சரி. செல்போனின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. முகம் சட்டத்தை நிறைக்கவேண்டும் என்று நெருங்கிப் போனால் மூக்கு பெருத்துக் காது பின்னுக்குப் போய்விடும். நாலடி, ஐந்தடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் முகம் முகமாக இருக்கும். இது லென்ஸைவிடத் தூரத்தைப் பொறுத்த விஷயம். "என் முகம் போட்டோவில் நன்றாக விழாது" என்று வாழ்நாளெல்லாம் நம்பிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களை எடுத்தவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாலே போதும்.

முதல் வாரப் பாடத்துக்கு ஒரு பித்தளைச் செம்பு வேண்டும். அதை ஜன்னல் திண்டில் வைக்கச் சொல்வேன். காலை 7 மணி, 10 மணி, மாலை 4 மணி, விளக்கு வைத்த பிறகு. இடம் மாற்றக் கூடாது, செம்பைத் திருப்பக் கூடாது. ஏழு நாளும் எடுக்க வேண்டும். இரண்டு நாளில் அலுத்துவிடும், எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பிய மஞ்சள் வெளிச்சம் செம்பின் இடுப்பில் தெரிகிறது என்று போன் வரும். டியூப் லைட் போட்டபிறகு எடுத்ததில் செம்பு ஏன் பச்சை பாய்ந்திருக்கிறது என்று கேள்வி வரும். அந்தப் போன் வந்துவிட்டால் அந்த ஆள் படமெடுக்கக் கற்றுக்கொண்டுவிடுவார் என்று நான் நம்பிக்கையோடு இருக்கலாம்.

இரண்டாவது வாரம் ஒரு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்து ஜன்னலிலிருந்து உள்ளே நடக்கச் சொல்வேன். டீச்சர் வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஐஎஸ்ஓ 400, அபெர்ச்சர் எஃப் 4 என்று நிறுத்திக்கொண்டோம். ஜன்னலோரத்தில் தாளுக்குக் கேமரா காட்டிய ஷட்டர் நேரம் வினாடியில் 500-இல் ஒரு பங்கு. கூடத்தின் நடுவில் 60-இல் ஒரு பங்கு. பூஜை அறை வாசலில் 8-இல் ஒரு பங்கு. அதாவது ஜன்னலுக்கும் பூஜை அறைக்கும் நடுவே வெளிச்சம் 60 மடங்குக்கு மேல் விழுந்துவிட்டது. பதினைந்தடி தூரம்! கண் இதை நமக்குச் சொல்வதில்லை. கண்பாப்பா விரிந்து கொடுத்துச் சமாளித்துவிடுகிறது, மூளை மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. "நாப்பது வருஷமா இந்த வீட்ல இருக்கேன். இவ்வளவு இருட்டுலயா நான் கோலம் போட்டு விளக்கேத்திட்டிருந்தேன்?" என்று டீச்சர் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அபெர்ச்சர் கணக்கை விளங்கவைக்கப் பழைய வீட்டு ஜன்னலைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு மரக் கதவு வைத்த ஜன்னல். நாலையும் திற. பிறகு கீழே இரண்டையும் சாத்து. உள்ளே வருவது பாதி. இன்னும் ஒன்றைச் சாத்தினால் கால். லென்ஸில் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும் எண்கள் ஒவ்வொன்றும் அப்படி ஒரு பாதி, அதாவது ஒரு படி. பாதி சாத்தினால் இரண்டு மடங்கு நேரம் திறந்துவைக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. இதை அந்தப் பொறியாளருக்கு மூன்று வாரம் வரைபடம் போட்டேன். டீச்சரின் பேரன், ஒன்பது வயது, கதவைச் சாத்தித் திறந்து பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டான்.

மொட்டை மாடி வெயிலுக்குப் பழைய ஆட்களின் வாய்ப்பாடு ஒன்று உண்டு. நல்ல வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ எண் எதுவோ அதன் பங்கு வினாடி. ஐஎஸ்ஓ 100 என்றால் 100-இல் ஒரு பங்கு. மீட்டர் இல்லாத யாஷிகா கேமராவில் பன்னிரண்டு படச் சுருளைப் போட்டுக்கொண்டு இதை வைத்தே கல்யாண ஊர்வலங்களை எடுத்திருக்கிறோம்.

அடுத்து நான் அதிக நேரம் செலவிடுவது வேட்டிக்கு. வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துப் போட்டுச் சட்டம் நிறைய எடுத்துப் பாருங்கள். சாம்பலாக விழும். கறுப்புக் குடையை அதேமாதிரி எடுங்கள். அதுவும் சாம்பலாக விழும். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எண்ணிக்கொள்வதால் வரும் கோளாறு இது. வெள்ளையை வெள்ளையாக வாங்கவேண்டும் என்றால் ஒரு படி, ஒன்றரைப் படி வெளிச்சத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும். கறுப்புக்குக் குறைக்கச் சொல்ல வேண்டும். மல்லிகைப் பூவும், வாசல் கோலமும், கருங்கல் பிள்ளையாரும் படத்தில் ஏன் ஏமாற்றுகிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

இதை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

நம் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முகம் நல்ல கறுப்பு. தானியங்கியில் விட்டால் கேமரா சட்டையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. முகம் இருட்டில் போய்விடுகிறது. உடனே ஃபிளாஷை நேரே அடிக்கிறார்கள். முகம் தகடாகிறது. ஸ்டூடியோ நாட்களில் இதற்கு ஒரே மருந்து டச்சிங். நான் வேலை பார்த்த இடத்திலும் அதைச் செய்தேன். நெகட்டிவில் பென்சிலைத் தீற்றினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் சொல்லாமலே இரண்டு தீற்றல் கூடப் போடுவோம். 18 வயதில் நான் எத்தனை பெண்களின் முகத்தைத் துடைத்தெடுத்திருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் கை கூசுகிறது. படத்தைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்த்தவர்கள் அந்தப் பெண்களை என்ன சொல்லியிருப்பார்கள்?

பிலிமுக்குள்ளேயே இந்தச் சாய்வு இருந்தது. கோடக் நிறுவனம் கலர் பிரிண்டைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ‘ஷர்லி’ அட்டை என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. அவள் முகம் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று அர்த்தம். கறுத்த முகங்கள் விவரமின்றி விழுவதை நிறுவனம் நெடுங்காலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாக்லேட் செய்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் தங்கள் பழுப்பு நிறங்கள் படத்தில் பிரிந்து தெரியவில்லை என்று புகார் சொன்ன பிறகே பிலிம் திருந்தத் தொடங்கியது என்று அங்கே வேலை செய்தவர் ஒருவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மனிதர்கள் கேட்டுக் கிடைக்காதது நாற்காலிக்குக் கிடைத்தது.

கறுத்த தோலுக்கு வடிவம் கொடுப்பது அதன் மேல் விழும் மினுக்கம். சின்ன ஃபிளாஷ் அடித்தால் நெற்றியில் ஒரு புள்ளியும் மூக்கில் ஒரு புள்ளியும் வெள்ளையாக எரியும். பெரிய ஜன்னல் பக்கத்தில் இருந்தால் அதே மினுக்கம் கன்னத்தின் வளைவு முழுக்க மெதுவாகப் பரவும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் நிழலும் கொஞ்சம் தெளியும். மீட்டரை முகத்துக்கு வைக்க வேண்டும், சட்டைக்கு அல்ல. சட்டை கொஞ்சம் வெளுத்துப் போனால் போகட்டும். இதற்குத் தேவையான ஜன்னலும் வேட்டியும் எந்த வீட்டிலும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் விளக்குக்கு முன் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டிலேயே கற்பது ஏதோ வசதிக் குறைவுக்குச் செய்யும் ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். இந்தக் கலையின் பெரிய பெயர்களில் சில அப்படி வந்தவைதான். ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் வைட் தீவில் குடியிருந்தபோது, 1863-இல், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமரா பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது. கோழிக் கூண்டைக் கண்ணாடி வேய்ந்த ஸ்டூடியோவாக்கினார். கரி போட்டுவைக்கும் அறையை டார்க் ரூமாக்கினார். வீட்டுப் பணிப்பெண்களும் உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். டேவிட் வில்கி வின்ஃபீல்ட் என்ற ஓவியர், அவரும் படமெடுப்பவர், கேமரனுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒரே ஒரு பாடம். அதன்பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் கேமரன் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டார். முகத்தை மிக நெருங்கி, கொஞ்சம் ஃபோகஸ் தளர்ந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த அவருடைய படங்களை அன்றைய போட்டோ சங்கத்துக்காரர்கள் கத்துக்குட்டி வேலை என்றார்கள். இன்று உருவப்படம் என்றால் அவரிடமிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம்.

அந்த அம்மாள் 1875-இல் கணவரோடு இலங்கைக்குப் போய், அங்கே தோட்டத் தொழிலாளர்களை எடுத்தார். அவர்களில் தமிழர்களும் உண்டு. 1879-இல் அங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். இலங்கையில் எடுத்ததில் மிஞ்சியவை மிகக் கொஞ்சம். தமிழ் முகங்களை அந்தக் காலத்தில் அவ்வளவு நெருக்கத்தில் எடுத்தவர் நடுவயதில் வீட்டுக் கொல்லையில் தொழில் கற்ற ஒரு பெண் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

நம் நாட்டில் ஹோமாய் வியாரவாலா. பத்திரிகைக்குப் படமெடுத்த முதல் இந்தியப் பெண் என்று அறியப்படுபவர். அவருக்குக் கேமராவைப் பழக்கியவர் பிற்பாடு கணவரான மானெக்‌ஷா. தொடக்கத்தில் ஹோமாய் எடுத்த படங்கள் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சாயின. 2011-இல் பத்ம விபூஷண் கொடுத்தபோது ஹோமாய்க்கு 97 வயது. ரகு ராய் படித்தது சிவில் இன்ஜினியரிங். டெல்லியில் அண்ணன் எஸ். பால் வீட்டில் தங்கியிருந்தவர், அண்ணன் தந்த கேமராவோடு ஒரு கிராமத்துக்குப் போய், ஓடிக்கொண்டே இருந்த கழுதைக் குட்டி ஒன்றை நெடுநேரம் துரத்தி, அது களைத்து நின்றபோது எடுத்தார். லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு அதை அனுப்பிவைத்தவர் அண்ணன்தான். அச்சாகிவிட்டது. தம்பி எடுத்து வந்ததில் எது படம் என்று அடையாளம் கண்டவர் அண்ணன். வீட்டு ஆசிரியரின் வேலை அதுவும்தான்.

என்னிடம் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். படுத்த படுக்கையான மாமனாரையோ கைக்குழந்தையையோ விட்டுவிட்டு வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போக முடியாதவர்கள். சிலரைச் சங்கடத்தோடு, "வெளியே போய் முறையா படிக்க முடியலை சார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கேமரன் கதையை அவர்களுக்குத்தான் முதலில் சொல்வேன்.

நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு வகுப்பு போதும். அதற்கு மேல் இழுக்கும் ஆசிரியர் உங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று அர்த்தம். வகுப்பைக் காலை 7 மணிக்கோ மாலை 4 மணிக்கோ வையுங்கள். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எடுத்த படங்களோடு அவரிடம் படித்தவர்கள் எடுத்த படங்களையும் காட்டச் சொல்லுங்கள். எல்லாப் படமும் அவர் படம் மாதிரியே இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். முதல் வகுப்பிலேயே லென்ஸ் வாங்கச் சொன்னாலும் அப்படியே.

முதல் வாரச் செம்புப் பாடம் தவிர, வாரத்துக்குப் பன்னிரண்டு படத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு. யாஷிகா சுருளின் கணக்கு அது. அந்தப் பன்னிரண்டையும் கடையில் கொடுத்து நாலுக்கு ஆறு பிரிண்ட் போட்டு வைத்திருக்க வேண்டும். நான் போனதும் தரையில் பரப்பி இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். விரலை வைப்பேன். "இது?" திரையில் விரலால் தள்ளிவிட்டுப் போகும் கண்ணும், தரையில் கிடக்கும் தாளைக் குனிந்து பார்க்கும் கண்ணும் வேறு. தாளில்தான் தலைக்குப் பின்னால் கொம்புபோல் நிற்கும் காலண்டர் ஆணி தெரியும்.

இன்னொன்று ஆசிரியர்களுக்கு. நாம் ஒரு குடும்பத்தின் உள்ளறை வரை போகிறோம். நைட்டியில் இருக்கும் அம்மா, மருந்து பாட்டில் வரிசை, கலைந்த படுக்கை எல்லாம் அந்தப் படங்களில் இருக்கும். அவை அவர்களுடையவை. சொல்லிக்கொடுக்க வசதி என்று ஒரு பிரதிகூட நம் போனுக்கு வரக் கூடாது. அவர்கள் கேமராவை வாங்கி நாமே எடுத்துக் காட்டும் பழக்கமும் வேண்டாம். நான் ஒரு படம் எடுத்துக் காட்டிவிட்டால் அவர்களுடைய கண் அதன் பின்னால் போய்விடும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கஷ்டம்தான். இருபது வருடத்தில் எனக்கே முழுதாகக் கைவந்ததில்லை.

இனி டீச்சருடைய அத்தை. வீட்டில் எல்லோரும் அப்பத்தா என்று கூப்பிடுகிறார்கள். பட்டாசாலைச் சுவரில் அவருடைய கல்யாணப் படம் தொங்குகிறது. கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கையால் வண்ணம் தீட்டியது. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. "இது யாரோ வெள்ளக்காரி. நான் இல்ல" என்று அந்தப் படத்தைப் பற்றி அப்பத்தா முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். முகத்தை ஏன் இறுக்கிக்கொள்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. பத்து வாரம் அவரை எடுக்கவேண்டாம் என்று டீச்சரிடம் சொன்னேன். கேமரா அந்த அறையில் செம்பு மாதிரி, விசிறி மாதிரி ஒரு சாமானாகக் கிடக்கட்டும்.

பதினோராவது வாரம், மாலை நாலரை. மேற்கு ஜன்னலோரம் அப்பத்தா சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் கீழே இரண்டு கதவையும் சாத்தினார். என்னிடம் ஒரு வேட்டியைக் கொடுத்து, "அந்தப் பக்கம் பிடிங்க சார்... இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்க" என்றார். பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பத்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறோ ஏழோ எடுத்தார்.

அடுத்த வாரம் பிரிண்ட்கள் தரையில் கிடந்தன. ஒன்றில் எல்லாம் தெளிவு. முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும், மூக்குத்தியும், இடிக்கும் கையும். நான் அதில் விரலை வைத்தேன். டீச்சர் அதைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார். அதில் ஷட்டர் 30-இல் ஒரு பங்கு. முகம் நிலைத்திருக்கிறது, நல்ல கறுப்பு, கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம். கை மட்டும் கலங்கிப் புகையாக ஓடியிருக்கிறது. "கை ஆடியிருக்கே டீச்சர்" என்றேன். "ஆடட்டும் சார். அத்தை கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை" என்றார்.

அந்தப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டு, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். அப்பத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தா, வெத்தல இடிக்கிறேன்ல" என்றார்.